கடைசிப் பக்கத்தின் வணிகம்: 1950களின் அமெரிக்க மலிவுப் பதிப்புக் குற்ற நாவல்கள்

கேள்வி

ஜிம் தாம்ப்சனின் ‘த கில்லர் இன்சைட் மீ’ நாவலைச் சொல்பவன் டெக்சாஸ் சிற்றூர் ஒன்றின் துணை ஷெரிஃப். ஊராரிடம் அசட்டுப் பணிவோடு பேசுகிறான். மறைவில் கொலை செய்கிறான். கதையின் முடிவில் அவனும் சாகிறான். அந்தச் சாவையும் அவன் குரலே நமக்குச் சொல்லி முடிக்கிறது. 1952இல் இதை வெளியிட்ட லயன் புக்ஸ், நியூயார்க்கின் சிறிய பதிப்பகங்களுள் ஒன்று. விலை 25 சென்ட். மருந்துக் கடையிலும் பேருந்து நிலையத்திலும் சுழலும் கம்பித் தாங்கிகளில், சட்டை கலைந்த பெண்ணும் துப்பாக்கி ஏந்திய ஆணும் வரையப்பட்ட அட்டைகளுக்கு நடுவே இது விற்றது.

அந்தத் தாங்கிகளிலிருந்து பின்னாளில் ‘நுவார்’ என்று பெயர்பெற்ற நாவல்கள் பல கிளம்பின. தாம்ப்சன், டேவிட் கூடிஸ், சார்லஸ் வில்லியம்ஸ், சார்லஸ் வில்லஃபோர்ட், கில் ப்ரூவர் ஆகியோரின் கதைகளில் குற்றத்தைத் துப்பறிந்து ஒழுங்கை மீட்பவர் பெரும்பாலும் இல்லை. கதை குற்றம் செய்பவன் பக்கமோ, அதில் சிக்கிக்கொள்பவன் பக்கமோ நிற்கிறது. அவன் தப்புவது அரிது. அந்தக் காலத்துக் கெட்டி அட்டைத் துப்பறியும் கதைகள் கடைசி அத்தியாயத்தில் எல்லாவற்றையும் தீர்த்துவைத்துக்கொண்டிருந்தபோது, மலிவான சரக்கு இப்படி முடிந்தது எதனால்? யாருக்கு இது தேவைப்பட்டது? இக்கட்டுரை கடைசிப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இதை ஆராய்கிறது.

இதுவரை சொல்லப்பட்ட விடைகள்

காலத்தைக் காரணம் காட்டுவது முதல் விடை. ஜெஃப்ரி ஓ’ப்ரையனின் ‘ஹார்ட்பாய்ல்ட் அமெரிக்கா’ (1981) இந்த நூல்களின் அட்டையையும் உள்ளடக்கத்தையும் சேர்த்து, செழிப்பான அமெரிக்காவின் மறுபக்கமாக வாசித்தது. வுடி ஹாட்டின் ‘பல்ப் கல்ச்சர்’ (1995) பனிப்போர் அச்சத்தோடு இவற்றை இணைத்தது. பெருமந்தம், உலகப்போர், அணுகுண்டு, மெக்கார்த்தி என்ற வரிசை எல்லோருக்கும் பழக்கமானது. இதில் பொய்யில்லை, ஆனால் இது எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறது. அதே அச்சத்தில் வாழ்ந்த அதே வாசகர்கள் அதே ஆண்டுகளில் இனிய முடிவுள்ள கதைகளையும் கோடிக்கணக்கில் வாங்கினார்கள்.

இரண்டாவது விடை எழுத்தாளரின் வாழ்க்கையைப் பார்க்கிறது. தாம்ப்சன் 1906இல் ஓக்லஹோமாவில் ஷெரிஃபின் மகனாகப் பிறந்தவர். தந்தை வீழ்ந்ததைக் கண்டவர், ஹோட்டல் எடுபிடியாக வேலை பார்த்தவர், குடிக்கு ஆட்பட்டவர். கூடிஸ் ஹாலிவுட்டை விட்டுப் பிலடெல்ஃபியாவுக்குத் திரும்பிப் பெற்றோர் வீட்டில் ஒதுங்கி வாழ்ந்தவர். பிரெஞ்சு வாசகர்கள் இந்த வாழ்க்கைகளில் இருத்தலியலின் சாயலைக் கண்டார்கள். மூன்றாவது விடை வணிகம் சார்ந்தது. கென்னத் டேவிஸின் ‘டூ-பிட் கல்ச்சர்’ (1984) போன்ற பதிப்பு வரலாறுகளில் அதற்கான தரவுகள் கிடைக்கின்றன. இலக்கிய விமர்சனம் அவற்றைப் பின்னணித் தகவலாக மட்டுமே பயன்படுத்தியிருக்கிறது. இருள் வணிகத்திலிருந்து பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எந்த இருள் அச்சேறலாம், எந்தக் கதைக்கு இருள் கட்டாயம், எப்போது அது விலக்கப்பட வேண்டும் என்பதை வணிகம் தீர்மானித்த இடங்கள் உண்டு. அவற்றில் சிலவற்றையாவது துல்லியமாகக் காட்ட முடியும்.

இருபத்தைந்து சென்ட் ஏற்பாடு

1939இல் ராபர்ட் டி கிராஃப் பாக்கெட் புக்ஸைத் தொடங்கியபோது புதுமை விலையில் மட்டும் இல்லை. புத்தகக் கடைகள் அமெரிக்காவில் குறைவு. பத்திரிகை முகவர்களோ மூலைமுடுக்கெல்லாம் இருந்தார்கள். புத்தகத்தைப் பத்திரிகையின் வழியில் அனுப்பியதே உண்மையான மாற்றம். மாத நாவல்கள் வார இதழ்களோடு சேர்ந்து பெட்டிக்கடையில் தொங்கியதைப் பார்த்த தமிழ் வாசகருக்கு இதன் விளைவுகளை விளக்க வேண்டியதில்லை. நூலின் ஆயுள் சில வாரங்கள். அடுத்த கட்டு வந்ததும் பழையது திரும்பிப் போகும்.

அப்போது மலிவுப் பதிப்பு என்றாலே மறுபதிப்புத்தான். கெட்டி அட்டையில் வந்த நூலின் உரிமையை வாங்கிச் சிறிய அளவில் அச்சிடுவார்கள். ராயல்டியில் வழக்கமாகப் பாதியை மூலப் பதிப்பாளர் எடுத்துக்கொள்வார். இதை உடைத்தது ஃபாசெட் நிறுவனம். சிக்னெட் நூல்களை விநியோகித்துவந்த ஃபாசெட், ஒப்பந்தப்படி மறுபதிப்பில் போட்டியிட முடியாது. மிக்கி ஸ்பிலேனின் ‘ஐ, த ஜூரி’ சிக்னெட்டில் எப்படி விற்றது என்பதையோ அது தன் லாரிகளிலேயே பார்த்துக்கொண்டிருந்தது. மறுபதிப்புக்குத்தானே தடை? புதிய கையெழுத்துப் பிரதிகளை நேராக மலிவுப் பதிப்பாகவே போடலாம் என்று 1950இல் கோல்ட் மெடல் வரிசை தொடங்கியது.

எழுத்தாளருக்குக் கிடைத்த ஏற்பாடு அதுவரை காணாதது. விற்ற பிரதிகளுக்கு அல்ல, அச்சிட்ட பிரதிகளுக்கு ராயல்டி. 2 லட்சம் பிரதிகள் அச்சிட்டால் 2,000 டாலர் முன்பணம். பங்கு கேட்க இடையில் வேறு பதிப்பாளர் இல்லை. பழைய சாணித்தாள் கதை இதழ்களோ அப்போது செத்துக்கொண்டிருந்தன. ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் 1949இல் தன் கதை இதழ்களை மூடியது. ஹாமெட்டும் சாண்ட்லரும் வளர்ந்த ‘பிளாக் மாஸ்க்’ 1951இல் நின்றது. வார்த்தைக் கணக்கில் கூலி வாங்கிப் பழகியவர்கள் கோல்ட் மெடலுக்கும் அதைப் பின்பற்றிய லயன், டெல், ஏவன் போன்றவற்றுக்கும் நகர்ந்தார்கள்.

இந்த ஏற்பாடு கதையின் முடிவை எப்படித் தொட்டது? அட்டையும் தலைப்பும் முதல் பக்கமும் நூலை விற்றன. கடைசிப் பக்கத்தை வாசகர் எட்டுவதற்குள் அந்த 25 சென்ட் கல்லாவில் விழுந்திருக்கும். மதிப்புரை வழியாக நல்ல பெயரோ கெட்ட பெயரோ பரவவும் வழியில்லை. ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்தியில் ஆந்தனி பௌச்சர் மலிவுப் பதிப்புகளையும் கவனித்து எழுதியது பெரிய விதிவிலக்கு. அடுத்த பாகம் வரப்போவதில்லை என்றால் நாயகன் உயிரோடு இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. தொடர் துப்பறிவாளரை நம்பிய கெட்டி அட்டை வணிகத்தில் கடைசிப் பக்கம் அடுத்த நூலுக்கான விளம்பரம். இங்கே அது எதையும் விற்கவில்லை. ஆகவே அந்தப் பக்கத்தை எழுத்தாளரின் விருப்பத்துக்கு விட்டுவிட முடிந்தது.

எளிதில் எழும் மறுப்பு ஒன்று உண்டு. கோல்ட் மெடல் நூல்களில் கணிசமானவை இருளில் முடிவதில்லை. செய்யாத கொலைக்குப் பழி சுமந்து ஓடுபவன் உண்மையைக் கண்டுபிடித்துக் காதலியோடு கரையேறுவது, டே கீன், ஹாரி விட்டிங்டன் வகையறாவின் நிலையான அச்சு. ஏற்பாடு ஒன்றேதான், முடிவுகள் வேறுவேறு. அனுமதி இருந்தது என்பதற்கு மேல் வணிகத்தின்மீது இந்த இடத்தில் எதையும் ஏற்ற முடியாது.

1952: கட்டாயமாக்கப்பட்ட அழிவு

அனுமதி கட்டாயமாக மாறிய இடம் ஒன்று உண்டு. அது குற்ற நாவல் அன்று. அதன் பக்கத்து வீடு. ஃபாசெட்டில் பணிபுரிந்த மரிஜேன் மீகர், வின் பேக்கர் என்ற பெயரில் எழுதிய ‘ஸ்ப்ரிங் ஃபயர்’ 1952இல் கோல்ட் மெடலில் வந்தது. கல்லூரி விடுதியில் இரண்டு பெண்களின் காதல் கதை. 14 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதே பெயரில் மீகர் தொடர்ந்து குற்ற நாவல்கள் எழுதினார்; பௌச்சர் அவற்றைப் பாராட்டினார். 2004 மறுபதிப்பின் முன்னுரையில் மீகர் சொல்வது: பதிப்பாசிரியர் டிக் கேரல் இனிய முடிவு கூடாது என்று முன்பே சொல்லிவிட்டார். அஞ்சலில் அனுப்பப்படும் நூல் இத்தகைய உறவை ஆதரிப்பதாகத் தெரிந்தால் அதிகாரிகள் பறிமுதல் செய்யக்கூடும். அதனால் ஒருத்தி மனம் சிதைந்துபோகிறாள். மற்றவள் தான் உண்மையில் அவளைக் காதலிக்கவே இல்லை என்று முடிவுக்கு வருகிறாள்.

அரை நூற்றாண்டு கழித்துச் சொல்லப்பட்ட நினைவு இது. அந்த அளவுக்கே இதன் எடை. ஆனாலும் சூழல் அவர் கூற்றுக்குத் துணை நிற்கிறது. அதே 1952இல் ஆர்கன்சா உறுப்பினர் எசக்கியல் கேதிங்ஸ் தலைமையில் அமெரிக்கக் கீழவைக் குழு ஒன்று மலிவுப் பதிப்புகளையும் இதழ்களையும் படக்கதைகளையும் விசாரித்தது. அதன் கையில் சிக்கிய நூல்களுள் ஒன்று கோல்ட் மெடல் வெளியிட்ட தெரெஸ்கா டோரஸின் ‘விமன்ஸ் பாரக்ஸ்’.

இதே ஆண்டில்தான் பெட்ரீஷியா ஹைஸ்மித், கிளேர் மார்கன் என்ற புனைபெயரில் ‘த ப்ரைஸ் ஆஃப் சால்ட்’ நாவலை வெளியிட்டார். அதுவும் இரண்டு பெண்களின் காதல். ஆனால் நம்பிக்கையோடு முடிகிறது. அது வந்தது கவர்ட்-மெக்கானின் கெட்டி அட்டையில். ஆண்டும் பொருளும் ஒன்றாக இருந்து, அட்டையும் முடிவும் மட்டும் மாறும் இப்படியொரு இணை, இலக்கிய வரலாற்றில் எளிதில் வாய்ப்பதில்லை. அட்டைதான் முடிவைத் தீர்மானித்தது என்று எழுதிவிடக் கை துடிக்கும். ஆனால் 1953இல் பேண்டம் அதே நாவலை மலிவுப் பதிப்பாகவும் வெளியிட்டது. முடிவை மாற்றவில்லை, ஏறத்தாழ 10 லட்சம் பிரதிகள் விற்றதாக ஹைஸ்மித் பின்னாளில் எழுதினார். ஆக, சட்டம் அந்த முடிவைத் தடுத்திருக்கவில்லை. கேரலைக் கட்டுப்படுத்தியது சட்டத்தைப் பற்றிய அச்சம். கெட்டி அட்டையில் ஒருமுறை வந்து மதிப்புரை பெற்ற நூலுக்கு மரியாதை என்னும் கவசம் இருந்தது. நேரடி மலிவுப் பதிப்புக்கு அது இல்லை.

குற்ற நாவல்களுக்கு இது ஒரு சாவியைத் தருகிறது. பாவத்தை 150 பக்கம் காட்டி, கடைசிப் பத்துப் பக்கத்தில் பாவியைக் கொன்றால், விசாரணைக் குழுவின் முன் இது ஒழுக்கக் கதை என்று வாதிடலாம். ஹாலிவுட் தணிக்கை நெறியும் குற்றவாளி தண்டனை பெற வேண்டும் என்றுதான் கேட்டது. நாம் இன்று விதியென்றும் அபத்தமென்றும் வாசிக்கும் பல முடிவுகள், அச்சான நாளில் பதிப்பாளரின் முன்ஜாமீனாகவும் இருந்திருக்கின்றன. சாதாரண நுவார் நாவலில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம்.

லயனில் தாம்ப்சன்

தாம்ப்சனிடம் பிரித்துவிடலாம். அதனால்தான் அவர் முக்கியமானவர்.

லயனின் உரிமையாளர் மார்ட்டின் குட்மன், பின்னாளில் மார்வெல் ஆன படக்கதை நிறுவனத்தையும் நடத்தியவர். பதிப்பாசிரியர் ஆர்னால்ட் ஹானோவும் அவருடைய சகா ஜிம் பிரையன்ஸும் தாங்களே கதைச்சுருக்கங்கள் எழுதி வைத்துக்கொண்டு எழுத்தாளர்களுக்குக் கொடுப்பார்கள். ‘த கில்லர் இன்சைட் மீ’யின் விதையும் அவர்கள் போட்டதே: நியூயார்க் காவலன் ஒருவன் விலைமாது ஒருத்தியோடு தொடர்பு கொண்டு கடைசியில் அவளைக் கொல்கிறான். தாம்ப்சன் அதை வாங்கிக்கொண்டு போய் மேற்கு டெக்சாஸுக்கு இடம் மாற்றினார்; காவலனைத் துணை ஷெரிஃப் ஆக்கினார்; கதையை அவன் வாயிலேயே வைத்தார். ஆர்டர் கொடுத்துச் செய்வித்த சரக்கு இப்படி உருமாறி வந்தபோது ஹானோ அதைத் திருத்தவில்லை. அவருடைய பங்கு அதுதான்.

1952 முதல் 1954 வரையான மூன்று ஆண்டுகளில் தாம்ப்சனின் நூல்கள் பத்துக்கு மேல் வந்தன, பெரும்பாலானவை லயனில். அந்த வேகத்தின் தழும்புகள் எல்லா நூல்களிலும் உண்டு. சில நாவல்கள் நடுவில் வழிதவறிப்போகின்றன என்பதை அவருடைய இன்றைய பக்தர்கள் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் முடிவுகளைப் பாருங்கள். ‘சாவேஜ் நைட்’டில் (1953) காசநோய் தின்னும் குள்ளமான கூலிக் கொலைகாரனின் உடல் சிதையச் சிதைய அத்தியாயங்களும் சுருங்கி, கடைசியில் ஒரே வரியாக நிற்கின்றன. ‘எ ஹெல் ஆஃப் எ வுமன்’ (1954) முடியும்போது கதைசொல்பவனின் மனம் இரண்டாகப் பிளக்கிறது; ஒரு வரி சாதா எழுத்திலும் அடுத்த வரி சாய்வெழுத்திலுமாக இரண்டு முடிவுகள் பின்னிக்கொண்டு ஓடுகின்றன. அச்சுக்கோப்பவர் இதைத் தவறென்று நினைத்துச் சரிசெய்யாமல் விட்டதே ஆச்சரியம்.

இவற்றைப் பாவத்துக்கான தண்டனை என்று எந்தக் குழுவிடமும் வாதிட முடியாது. தண்டிக்கும் ஒழுங்கு ஒன்று வெளியே இருந்தால்தானே தண்டனை? இங்கே சொல்லும் குரலே உடைகிறது. வாசகருக்குச் சாய்ந்துகொள்ள நடுநிலையான இடம் கிடையாது. தணிக்கைப் பயத்தாலோ காலத்தின் மனநிலையாலோ இத்தகைய வடிவத்தை விளக்க முடியவில்லை. எழுதியவரின் கைத்திறனும், கடைசிப் பக்கத்தைக் கண்டுகொள்ளாத வணிகமும், குறுக்கே வராத ஒரு பதிப்பாசிரியரும் சேர்ந்தபோது இது நேர்ந்தது. 1954இல் ஹானோ லயனை விட்டு விலகினார். தாம்ப்சனின் பெருக்கும் அத்தோடு வடிந்தது. பிறகும் ‘த கெட்அவே’ (1958), ‘பாப். 1280’ (1964) போன்ற வலுவான நூல்களை எழுதினார் என்றாலும் அந்த மூன்றாண்டுகள் திரும்பவில்லை.

கூடிஸ் விஷயத்தில் தராசு அவ்வளவு தெளிவாகச் சாயவில்லை. ‘டார்க் பாசேஜ்’ (1946) ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’டில் தொடராக வந்து, கெட்டி அட்டையில் நூலாகி, போகார்ட்டும் பகாலும் நடித்த படமானது. நாயகன் பெருவுக்குத் தப்பிச் செல்லும் நம்பிக்கையில் கதை நிற்கிறது. ‘நைட்ஃபால்’ (1947) நாவலுக்கும் விடிவு உண்டு. 1951இல் ‘கேசிடிஸ் கேர்ள்’ நாவலோடு கோல்ட் மெடலுக்குப் போனபின் அவருடைய மனிதர்கள் பிலடெல்ஃபியாவின் மதுக்கடைகளை விட்டு வெளியேறுவதே இல்லை. ‘டவுன் தேர்’ (1956) நாவலில் ஒருகாலத்தில் மேடைக் கச்சேரி செய்த பியானோக்காரன், தன்னை நேசித்தவளைப் பறிகொடுத்துவிட்டு அதே மலிவான பாரின் பியானோவுக்குத் திரும்புகிறான். அட்டை மாறியதால் முடிவு மாறியதா, ஹாலிவுட் வாழ்க்கை முடிந்ததால் மாறியதா? இரண்டும் ஒரே சமயத்தில் நிகழ்ந்தவை. ‘கேசிடிஸ் கேர்ள்’ 10 லட்சத்துக்கு மேல் விற்றது என்பதால், தோற்றவர்களின் கதையையே தொடர்ந்து எழுத அவருக்குக் காசுக் காரணமும் இருந்தது.

1962: பிழைத்துக்கொண்ட பார்க்கர்

பத்தாண்டுகள் கழித்து வணிகம் வேறு ஒன்றைக் கேட்டது. டொனால்ட் வெஸ்ட்லேக், ரிச்சர்ட் ஸ்டார்க் என்ற பெயரில் ‘த ஹன்டர்’ எழுதினார். கொள்ளைக்காரன் பார்க்கர் தன்னை ஏமாற்றியவர்களைப் பழிவாங்கிவிட்டுக் கடைசியில் பிடிபடுகிறான் என்பதே முதலில் எழுதிய முடிவு. கோல்ட் மெடல் மறுத்தது. பாக்கெட் புக்ஸ் பதிப்பாசிரியர் பக்லின் மூன் ஏற்றார். பார்க்கரைத் தப்பவிட்டு, ஆண்டுக்குச் சில நூல்கள் தர முடியுமா என்று மட்டும் கேட்டார். வெஸ்ட்லேக் அதை மறைத்ததில்லை. மகிழ்ச்சியோடு பலமுறை சொல்லியிருக்கிறார். பார்க்கர் தப்பினான், இருபதுக்கும் மேற்பட்ட நாவல்களில் வாழ்ந்தான்.

கோல்ட் மெடலும் அதே திசையில்தான் போய்க்கொண்டிருந்தது. 1960இல் டொனால்ட் ஹாமில்டனின் மேட் ஹெல்ம் வரிசை. 1964இல் ஜான் டி. மெக்டொனால்டின் டிராவிஸ் மெகீ வரிசை. மெக்டொனால்ட் 1950 முதலே அங்கு தனித்தனி நாவல்களாக எழுதிவந்தவர். தாங்கிகளில் போட்டி நெருக்கியபோது, வாசகர் தேடி வாங்கும் நாயகப் பெயர் அட்டைப்படத்தைவிட நம்பகமான விளம்பரமாயிற்று. கடைசிப் பக்கம் மறுபடியும் அடுத்த நூலை விற்கத் தொடங்கியது. நாயகனைச் சாகடிப்பது நஷ்டமான காரியம்.

இதைச் சீரழிவு என்று சொல்லமாட்டேன். பார்க்கர் நாவல்களின் இறுக்கம் எனக்குத் தாம்ப்சனின் பாதி நூல்களைவிடப் பிடிக்கும். ஆனால் குற்றம் செய்தவன் தண்டனையின்றி நடந்துபோவதை 1962இன் மலிவுப் பதிப்பு தயக்கமில்லாமல் கேட்டு வாங்கியது. 1957இன் ராத், பட்லர் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புகளுக்குப் பிறகு ஆபாசச் சட்டத்தின் பிடி தளர்ந்துகொண்டிருந்ததும், தொடர் வணிகத்தின் தேவையும் இங்கே கைகோத்தன.

மறுபதிப்பின் வடிகட்டி

கடைசியாகப் பேச வேண்டியது நாம் எதை வாசிக்கிறோம் என்பதைப் பற்றி. 1945இல் பாரிஸின் கலிமார் பதிப்பகத்துக்காக மார்செல் துயமேல் ‘சேரி நுவார்’ வரிசையைத் தொடங்கினார். முதல் நூல்கள் அமெரிக்கருடையவை அல்ல. பீட்டர் செய்னி, அடுத்து நம்மூர்ப் பழைய புத்தகக் கடைகளில் இன்றும் கிடைக்கும் ஜேம்ஸ் ஹாட்லி சேஸ். இருவரும் ஆங்கிலேயர்கள், அமெரிக்கப் பாணியைப் போலச் செய்தவர்கள். நிர்ணயித்த பக்க அளவுக்குள் அடங்கும்படி மூலங்களைக் கத்தரித்து, தெருமொழியில் பெயர்ப்பது அந்த வரிசையின் வழக்கம். 1966இல் ஆயிரமாவது நூலாகத் தாம்ப்சனின் ‘பாப். 1280’ வந்தபோது பிரெஞ்சுத் தலைப்பில் ஊரின் மக்கள்தொகையே 1275 ஆகக் குறைந்திருந்தது. அந்த ஐந்து பேர் எங்கே போனார்கள் என்பதைப் பற்றியே பின்னாளில் ஒரு பிரெஞ்சு நாவல் எழுதப்பட்டது. இருத்தலியல் வாசிப்புக்கு மூலமாக இருந்தவை இப்படிச் செதுக்கப்பட்ட பிரதிகள் என்பது மறக்கக்கூடாத செய்தி.

அமெரிக்காவில் 1977இல் தாம்ப்சன் இறந்தபோது அவருடைய நூல் ஒன்றுகூட அச்சில் இல்லை. 1984இல் பெர்க்லியில் பேரி கிஃபர்ட் தொடங்கிய பிளாக் லிசார்ட் மறுபதிப்புகள்தாம் அவரையும் கூடிஸையும் வில்லஃபோர்டையும் திரும்பக் கொண்டுவந்தன. இவர்கள் பிரான்சில் பெற்ற புகழைக் கிஃபர்ட் அறிந்தவர். அவர் தேர்வு அந்தச் சுவையைச் சார்ந்தது. கரையேறிய நாயகர்களின் நூல்கள் பெருமளவும் பழைய கிடங்குகளிலேயே தங்கிவிட்டன. ஐம்பதுகளின் மலிவுப் பதிப்பு முழுக்க இருண்டது என்ற நம் எண்ணத்தில் ஒரு பங்கு இந்த வடிகட்டலால் உண்டானது.

1997இல் லைப்ரரி ஆஃப் அமெரிக்காவுக்காக ராபர்ட் பொலிட்டோ தொகுத்த ஐம்பதுகளின் நுவார் தொகுதியில் ஐந்து நாவல்கள் இருக்கின்றன. ‘த கில்லர் இன்சைட் மீ’, வில்லஃபோர்டின் ‘பிக்-அப்’, ‘டவுன் தேர்’ ஆகிய மூன்றும் நேரடி மலிவுப் பதிப்புகள். செஸ்டர் ஹைம்ஸின் ‘த ரியல் கூல் கில்லர்ஸ்’ துயமேலின் தூண்டுதலால் எழுதத் தொடங்கிய ஹார்லம் வரிசையைச் சேர்ந்தது. பாரிஸில் முதலில் வந்து பிறகு அமெரிக்கத் தாங்கிகளை எட்டியது. தொடர் என்பதால் அதன் இரண்டு துப்பறிவாளர்களும் பிழைக்கிறார்கள். ஐந்தாவது ஹைஸ்மித்தின் ‘த டேலண்டட் மிஸ்டர் ரிப்ளி’ (1955). அதன் நாயகன் இரண்டு கொலைகளைச் செய்துவிட்டு, செத்தவனின் சொத்தோடு கிரேக்கத்தில் இறங்குகிறான், யாரும் பிடிக்கவில்லை. அந்த நாவல் கவர்ட்-மெக்கானின் கெட்டி அட்டையில் வந்தது. ரிப்ளியின் அடுத்த கதையை ஹைஸ்மித் 1970இல்தான் வெளியிட்டார். எனவே அவனைத் தப்பவிட்டதற்குத் தொடர் வணிகத்தைக் காரணம் காட்டவும் இயலாது.